ஆற்றுப்படுத்தும் முதுமை: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணம் வகுக்கிறது. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளே. இன்று உளவியல் துறையில் வழங்கும் ‘ஆற்றுப்படுத்துதல்’ எனும் சொல்லுக்கும், அவ்வழியில் முன்னரே நடந்தவர் துணையாதல் என்னும் பொருள் பொருந்தும். முதியோருக்கு முதியோரையே ஆற்றுப்படுத்துநராகப் பயிற்றும் முறையைத் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளத்தாக்கின் சூழல்

முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தால் நெல்லும் திராட்சையும் விளையும் இப்பகுதியிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் விடியலிலேயே ஜீப்புகளில் புறப்படுகின்றனர். அத்தகைய வீடுகளில் முதியோர் பகல் முழுதும் தனித்திருக்க நேர்கிறது. உறக்கமின்மை, பசியின்மை, உடல்வலி என வெளிப்படும் மனச்சோர்வு, முதுமையின் இயல்பென்று ஒதுக்கப்படுவதுண்டு.

சான்றுகள்

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு இருக்கை’த் திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலைய வளாகத்து இருக்கையில் அமர்ந்து துயருற்றோர்க்குச் செவிகொடுக்கின்றனர். 573 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்களுடைய உளநோய் அறிகுறிகள் குறைந்தமையைக் காட்டியது. ஆயினும் அங்குப் பயன்பெற்றோர் பெரும்பாலும் இளையோர்.

கோவாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 181 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. மருத்துவரல்லாத ஆலோசகர்கள் சிக்கல் தீர்த்தல், உறக்க ஒழுங்கு, நோய்ப் பராமரிப்பு ஆகியவற்றைக் கற்பித்தனர். ஓராண்டில் கடும் மனச்சோர்வுற்றோர் அப்பிரிவில் ஏறத்தாழ 4 விழுக்காடு. வழக்கமான கவனிப்புப் பிரிவில் 14 விழுக்காடு. முதலாவது ஆய்வு முதியோரால் ஆற்றுப்படுத்த இயலும் என்பதையும், இரண்டாவது முதியோர் அதனால் பயனுறுவர் என்பதையும் காட்டுகின்றன. இரண்டையும் இணைத்தல் நம் மண்ணில் சோதிக்கத்தக்க கருதுகோளே, நிறுவப்பட்ட முடிவன்று.

பயிற்சியின் கூறுகள்

முதற்கூறு, அறிவுரை கூறாது கேட்டல். இரண்டாவது, பல துயரங்களுள் ஒன்றைத் தேர்ந்து சிறு செயலாக்குதல். நின்றுபோன ஓய்வூதியத்திற்கு மனு எழுதுதல் அத்தகையது. மூன்றாவது, மறை காத்தல். ஒரே ஊரில் உறவும் சாதியும் தெருவும் பின்னிக் கிடப்பதால், ஆற்றுப்படுத்துநரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நாடிவருபவருக்கே இருத்தல் வேண்டும். நான்காவது, எல்லை உணர்தல். ‘சாவு வரமாட்டேங்குதே’ என்பதை வெறும் பேச்சுவழக்கெனக் கடந்துவிடாமல், உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என நேரே வினவவேண்டும். பூச்சிமருந்து கைக்கெட்டும் வேளாண் வீடுகளில் இது உயிர்காக்கும் வினா. ஆம் எனில் தனித்துவிடாது மருத்துவரிடம் சேர்ப்பித்தல் கடன். 14416 என்னும் மனநல உதவி எண்ணும், 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் துணைநிற்கும்.

முடிவுரை

ஆற்றுப்படையில் வழிகாட்டுபவன் தன் பயணத்தையே விரித்துரைக்கிறான். இங்கோ ஆற்றுப்படுத்துநர் தம் கதையை அடக்கிப் பிறர் கதைக்கு இடம்தர வேண்டியுள்ளது. பட்டறிவு மிக்க முதியோர்க்கு இதுவே கடினமான பாடம். பயிற்சியின் தேவையும் இதிலேயே அமைகிறது.