நினைவகத்தின் வரம்புகள்: மூலநிரலாய்வு பற்றிய ஒரு விளக்கம்

2004 டிசெம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளினால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை எனக் கரையோர ஊர்கள் யாவும் சிதைந்திருந்த அந்நாட்களில், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்யும் பொருட்டு இலங்கைக் கணினித் தொண்டர்கள் 'சஹானா' எனும் திறந்த மூலநிரற்றொகுதியை உருவாக்கினர். அது பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியைக் கையாள்பவர் நினைவகத்தை நேரே தொடுவதில்லை. ஆயின் பிஎச்பியை இயக்கும் பொறி சி மொழியினால் ஆனது. தொண்டரின் உழைப்பு, அவர் முகமறியாத வேறு பலரின் உழைப்பின்மீதே நின்றது. அவ்வடித்தளத்தின் குறைகள் எவ்வாறு தேடப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கினார். அதில் நினைவகம் ஒரு பெரும் வயற்கண்டம் போன்றது. ஒவ்வொரு தரவுக்கும் இத்தனை இடம் என நிரலாளர் வகுக்கிறார். எனினும் இயங்கும் வேளையில் அவ்வரம்பு காக்கப்படுகிறதா எனப் பொறி பார்ப்பதில்லை. 'மொகிதீன்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நமது இலக்கணப்படி இதில் நான்கு எழுத்துகள். யூனிகோட் முறையில் எட்டுக் குறியெண்கள். யூரிஎவ்-8 வடிவில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் என 24. முடிவைக் குறிக்கும் சுழியத்துடன் 25. ஆங்கிலப் பெயரை மனத்திற்கொண்டு 20 பைட்டுகளே ஒதுக்கிய நிரல் இப்பெயரை அளக்காமற் படியெடுத்தால், எஞ்சிய ஐந்தும் அடுத்த பாத்தியில் விழும். எழுத்தென்றால் ஒரு பைட் என்ற எடுகோள் எந்தச் சமூகத்தின் எழுத்திலிருந்து பிறந்தது என்பதும் நாம் கேட்கவேண்டிய வினாவே.

அடுத்த பாத்தியில் இருப்பது, செயற்கூறு முடிந்ததும் நிரல் திரும்பவேண்டிய முகவரியாக இருக்கலாம். அதனைத் திட்டமிட்டு மாற்றுபவர் கணினியையே தம்வசப்படுத்த இயலும். 1988இல் இணையத்தை முடக்கிய மொரிஸ் புழு கையாண்ட வழிகளுள் இதுவும் ஒன்று. விடுவித்த இடத்தை மீண்டும் தொடுவது இன்னொரு வகைக் குறை: குத்தகை முடிந்த வயலிற் போய் மறுபடி விதைப்பதை ஒத்தது.

இக்குறைகளை நிரலை இயக்காமலே தேடும் கருவிகளுள் எளியவை, இலக்கிய மாணவர் அறிந்த சொல்லடைவை ஒத்தவை. 2001இல் வெளிவந்த 'ஃபிளோஃபைண்டர்' இத்தகையது. வரம்பு பாராத செயற்கூறுகளின் பெயர்கள் எங்கெங்கு வருகின்றன எனப் பட்டியலிடும், சூழலை அறியாது. ஆதலால் வீண் எச்சரிக்கைகள் மலியும். மேம்பட்ட கருவிகள் தரவின் வழியைத் தொடர்கின்றன. ஓர் எண் வெளியாரிடமிருந்து வந்ததா, பயன்படுமுன் எல்லையுடன் ஒப்பிடப்பட்டதா, ஒப்பிடாத கிளைவழி ஏதும் உண்டா என்று, எங்கள் வட்டவிதானை வாய்க்கால் வழியே நடந்து உடைப்புப் பார்ப்பதைப் போலப் பார்க்கின்றன. எனினும் எந்நிரலையும் பிழையின்றித் தீர்ப்பிடும் பொதுமுறை இருக்கமுடியாது என்பது 1953இல் ரைஸ் நிறுவிய தேற்றத்தின் விளைவு. ஒன்றில் வீண் எச்சரிக்கையை ஏற்கவேண்டும். அன்றேல் சில குறைகள் தப்பிச்செல்வதை ஏற்கவேண்டும்.

தப்பிச்சென்றதற்குச் சான்று 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்'. இரகசியத் தொடர்புகளைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் அக்குறை 2012 முதல் இருந்தது. அனுப்பியவர் தமது செய்தியின் நீளம் இவ்வளவு எனக் கூறியதைச் சேவையகம் சரிபாராது நம்பி, தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை எடுத்துக் கொடுத்தது. மூலநிரல் எவரும் வாசிக்கத்தக்கதாகவே கிடந்தது. ஆயினும் வாசிக்க ஆளில்லை. பெருநிறுவனங்கள் யாவும் அதனைப் பயன்படுத்தி இலாபமீட்டின. அதைப் பேணியவர்களுக்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடையோ ஏறத்தாழ 2000 டொலர். உழைப்பு சமூகமயமாகவும் பயன் தனியுடைமையாகவும் இருப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை. முல்லைக்காரன் காவல் நிற்கப் போடியார் விளைச்சலை அளந்த கதையை அறிந்த எம்மவர்க்கு இது புதிதுமன்று. குறை வெளிப்பட்ட பின்னரே 'கவரிட்டி' முதலிய கருவிகள் அதனைப் பிடிக்கும் விதியைச் சேர்த்துக்கொண்டன.

ரஸ்ட் போன்ற மொழிகள் வரம்புக் காவலை மொழியின் விதியாகவே ஆக்கியுள்ளன. புதிய நிரல்களை இத்தகைய மொழிகளில் எழுதத் தொடங்கியதன் பின், அன்ரொய்டின் பாதுகாப்புக் குறைகளில் நினைவகக் குறைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடாக இருந்து 2024இல் 24 ஆகக் குறைந்ததெனக் கூகிள் அறிவித்தது. ஆயினும் பழைய நிரல் கிடக்கவே செய்கின்றது. எழுத்துருக்களைத் திரையில் வரையும் ஃபிரீடைப் நூலகம் சி மொழியினது. 2025 மார்ச்சில் அதிலும், குறியுள்ள எண்ணொன்றைக் குறியற்றதாக மாற்றியமையால் ஒதுக்கிய இடம் சுருங்கி, எழுதுவது வரம்பு கடந்த குறையொன்று வெளியிடப்பட்டது.