பேருதான் சுகர்... பழமே போட்டால் கால் போச்சு!

அணில் மாதிரி இருக்கும். ஆனால் அணில் இல்லை. கங்காரு போல வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் இனம். எடை 100 முதல் 160 கிராம். ஒரு கொய்யாப்பழத்தின் கனம்தான்! முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே உள்ள தோலை விரித்து, மரத்துக்கு மரம் 50 மீட்டர் வரை மிதந்து போகும்.

பெயர் சுகர் கிளைடர். சொந்த ஊர் ஆஸ்திரேலியா, நியூகினி காடுகள். 1990-களில் அமெரிக்க வீடுகளில் செல்லப் பிராணியாகப் பரவியது.

"பேரிலேயே சுகர் இருக்கே" என்று பலர் ஆப்பிள், திராட்சை, வாழைப்பழமாகவே போடுகிறார்கள். அதுவும் ஆசையாகத்தான் தின்னும். சில மாதம் கழித்து ஒருநாள் பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். "எங்கேயோ விழுந்து அடிபட்டிருக்கு" என்பார்கள். பல சமயம் காரணம் அடி இல்லை, சாப்பாடு!

எலும்பு கரையுது

பழத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவு. வெட்டுக்கிளி, புழுவில் அதைவிட பாஸ்பரஸ் அதிகம். ரத்தத்துக்குச் சுண்ணாம்புச் சத்து பற்றாவிட்டால், உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். எலும்பு மெலிந்து முறியும், பின்னங்கால் விழுந்துவிடும். ஆரம்பத்திலேயே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனால் தேற வழி உண்டு. நாள் கடந்தால் கஷ்டம்.

காட்டில் அதன் சாப்பாடே வேறு. வேல மரத்துப் பிசின், யூகலிப்டஸ் மரப்பால், பூந்தேன், மகரந்தம், பூச்சிகள். அந்தப் பிசினில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பழம் அங்கே பெரிய சாப்பாடு இல்லை.

என்ன கொடுப்பது?

'லெட்பீட்டர்ஸ் கலவை' என்று ஒன்று உண்டு. வெந்நீர் 150 மில்லி, தேன் 150 மில்லி, ஓடு நீக்கிய அவித்த முட்டை 1, குழந்தைகளுக்கான தானிய மாவு 25 கிராம், விட்டமின் - தாதுப் பொடி ஒரு டீஸ்பூன். எல்லாவற்றையும் அடித்துக் கலக்க வேண்டும். இது பாதி, பூச்சி தின்னும் பிராணிகளுக்கான தீவனம் மீதிப் பாதி. பழம், புழு எல்லாம் தொட்டுக்கொள்ளத்தான். பூச்சி போடும்போது கால்சியம் பொடி தூவ வேண்டும். சாக்லேட் கூடவே கூடாது.

பகலெல்லாம் தூங்கும், ராத்திரிதான் விழிக்கும். பொழுது சாய்ந்ததும் தட்டை வைத்து, காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

நல்லா வளர்த்தால் 10 வருஷத்துக்கு மேலும் இருக்கும். கொய்யாப்பழம் கனமுள்ள ஜீவனுக்கு 10 வருஷம், தினம் ராத்திரி பக்குவமாகச் சாப்பாடு வைக்க வேண்டும். முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே புண்ணியம்!