ஸ்பூன் தூண்டில் செஞ்சு விக்கலாமா? வீட்டுப் பட்டறைக்கு ஒரு சி.ஏ. கணக்கு

மழை முடிஞ்சு ஏரி நிறைஞ்சா, உத்திரமேரூர் பக்கம் லீவு நாள்ல தூண்டில் ராடோட நிறைய பேரைப் பார்க்கலாம். அதுல ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போற தம்பிங்களும் உண்டு. கடையில வாங்குற உலோக லூர் செடியில மாட்டி அறுந்து போகும்போதெல்லாம் மனசுல ஒரு கேள்வி வரும்: "இதை நாமளே செஞ்சா என்ன? நாலு பேருக்கு வித்தா சைடு இன்கம் வருமே?"

செய்யலாம். ஆனா ட்ரில் மெஷினை இ.எம்.ஐ.ல புக் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை ஒரு தடவை பார்த்துடுங்க.

பொருள் என்ன?

ஸ்பூன் லூர் ரொம்பப் பழைய ஐடியா. அமெரிக்காவுல ஜூலியோ பியூயல் என்பவர் 1852-லேயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். வளைஞ்ச தகடு தண்ணிக்குள்ள இழுக்கும்போது ஆடும், மின்னும். அடிபட்ட சின்ன மீன்னு நினைச்சு விரால் மாதிரி வேட்டை மீன் பாயும்.

பழைய எவர்சில்வர் ஸ்பூனோட காம்பை அறுத்து எடுத்துட்டு, ரெண்டு முனையிலும் ஓட்டை போட்டு, ஓரத்தை அரத்தால ராவணும். ஒரு பக்கம் வளையம், இன்னொரு பக்கம் முள். அவ்வளவுதான். பித்தளைத் தகடுன்னா மரக்கட்டையில குழி வெட்டி, அதுல வச்சு சுத்தியால தட்டி வளைக்கலாம். நம்ம ஏரிகள்ல செடி அதிகம். அதனால மூணு முள் கொக்கியை விட ஒத்தை முள் குறைவா மாட்டும்.

ஒரு பீஸுக்கு என்ன மிஞ்சும்?

இது உதாரணக் கணக்கு. உங்க ஊர் விலையைப் போட்டுக்குங்க.

- விற்பனை விலை: 120 ரூபாய்
- தகடு, முள், வளையம்: 35 ரூபாய்
- பேக்கிங்: 15 ரூபாய்
- மிச்சம்: 70 ரூபாய்

ட்ரில், வைஸ், அரம், கண்ணாடி, கையுறை எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்னு வைங்க. 9,000-ஐ 70-ஆல வகுத்தா 129 பீஸ். அதாவது 129 பீஸ் வித்த பிறகுதான் முதல் ரூபாய் லாபம். உங்களுக்குத் தெரிஞ்ச வட்டத்துல 129 பீஸ் யார் வாங்குவாங்க? பேரை எழுதிப் பாருங்க. லிஸ்ட் பத்துப் பேரோட நின்னா இது பிசினஸ் இல்ல, ஹாபி. ஹாபிக்கு கடன் வாங்கக் கூடாது.

அடுத்தது உங்க நேரம். சம்பளம் 30,000, மாசம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம். அப்போ ஒரு மணி நேரத்துக்கு சுமார் 144 ரூபாய். ஒரு பீஸுக்கு 40 நிமிஷம் ஆனா, மணிக்கு ஒன்றரை பீஸ், அதாவது 105 ரூபாய். வேலையை விடக் கம்மி! அதே 20 பீஸை ஒண்ணா வெட்டி, ஒண்ணா ஓட்டை போட்டு, பீஸுக்கு 20 நிமிஷமா குறைச்சா 210 ரூபாய். லாபம் விலையை ஏத்துறதுல இல்ல, வேலையை அடுக்குறதுல இருக்கு.

ஈயம் மட்டும் வீட்டுக்குள்ள வேண்டாம்

ஜிக், குண்டு வார்க்க ஈயம் சுலபம். 327 டிகிரியிலேயே உருகிடும். ஆனா அந்தத் தூசியும் புகையும் குழந்தைங்க மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உருகின ஈயத்துல ஒரு சொட்டு தண்ணி பட்டாக்கூட வெடிச்சுத் தெறிக்கும். பிரிட்டன்ல சின்ன ஈயக் குண்டுகளை 1987-லேயே தடை பண்ணிட்டாங்க. 50 ரூபாய் மிச்சத்துக்காக ஆஸ்பத்திரி பில் வாங்காதீங்க. தகடு வேலையோட நிறுத்திக்குங்க.

வரியில எங்க மாட்டுவீங்க?

உங்களுக்காக மட்டும் செஞ்சா எந்த வரியும் இல்ல. தொடர்ந்து வித்தா அது வியாபார வருமானம். ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. 1961-ம் வருஷச் சட்டத்தின் 44ஏடி பிரிவு கொண்டு வந்த உத்தேச வருமான முறையில, யு.பி.ஐ. மாதிரி டிஜிட்டலா வந்த விற்பனையில குறைஞ்சது 6%, ரொக்கத்துல 8% லாபமா காட்டணும். உண்மையான லாபம் அதிகம்னா அதைத்தான் காட்டணும். இதுக்கு ஐ.டி.ஆர்.-4.

பலர் கவனிக்காத விஷயம் இதுதான்: சம்பளம் மட்டும் இருந்தா பழைய வரி முறை, புதிய வரி முறைன்னு வருஷா வருஷம் மாத்திக்கலாம். வியாபார வருமானம் வந்தா அந்தச் சுதந்திரம் போயிடும். பழைய முறைக்குப் போனவங்க ஒரே ஒரு தடவைதான் புதுசுக்குத் திரும்பலாம். அதுக்கப்புறம் வியாபார வருமானம் இருக்கிற வரைக்கும் பழையதுக்கு வர முடியாது. ஹவுசிங் லோன், வீட்டு வாடகைக் கழிவு எடுக்கிறவங்க இதை யோசிச்சுட்டு இறங்குங்க.

பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு தமிழ்நாட்டுல ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு 40 லட்சம். ஆனா பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் அது வேற மாநில விற்பனை. வரம்பு பார்க்காம பதிவு தேவைப்படும். முதல்ல தமிழ்நாட்டுக்குள்ளேயே வித்துப் பாருங்க. உத்யம் பதிவு இலவசம். அதுக்கு யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க. உங்க ஆஃபர் லெட்டர்ல வெளி வேலைக்குத் தடை இருக்கான்னும் படிச்சுடுங்க.

கணக்கு எழுதுங்க

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவங்களுக்கும், அவங்க சொந்தக்காரங்களுக்கும் தேர்தல்ல நிக்கத் தகுதி இல்லைன்னு அதுல வெட்டி வச்சிருக்காங்க. ஏரியைப் பார்த்துக்கவே தனி வாரியம் இருந்த ஊர் அது. ஆயிரம் வருஷம் முன்னாடி கல்லுல எழுதினாங்க. நீங்க ஒரு நோட்டுல எழுதினா போதும். தேதி, செலவு, விற்பனை, எடுத்துக்கிட்ட நேரம் – நாலே நாலு காலம். வியாபாரத்துக்குத் தனி பேங்க் அக்கவுண்ட்.

இன்னொண்ணு: பல ஏரிகள்ல மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விட்டிருப்பாங்க. லூரை டெஸ்ட் பண்ணப் போறதுக்கு முன்னாடி குத்தகைதாரர்கிட்ட கேட்டுக்குங்க.

முதல் 20 பீஸை இரவல் ட்ரில்லுல செய்யுங்க. மூணு மாசத்துல அது வித்துப் போச்சுன்னா, அந்தக் காசுலேயே சொந்த மெஷின் வாங்குங்க. விக்கலைன்னா நஷ்டம் ஆயிரம் ரூபாய்க்குள்ள நிக்கும், இ.எம்.ஐ. இருக்காது, வருஷத்துக்குத் தேவையான லூரும் கையில இருக்கும்.