காதுக்குள் மானிட்டர்: அருள்புரம் இசைக்குழுக்களின் செவி நலம்

தறியும் மேடையும் ஒரே செவிக்கு

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரம், பின்னலாடை நிறுவனங்களும் சாயப்பட்டறைகளும் நெருங்கி நிற்கும் பகுதி. அதையடுத்த பல்லடம் வட்டாரத்தின் விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் என்னும் அலகில் 3 கூடும்போதெல்லாம் ஒலி ஆற்றல் இரு மடங்காகிறது. ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே செவி தாங்கத்தக்க எல்லை என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. 88 டெசிபலில் அந்த நேரம் 4 மணியாகவும், 94-இல் 1 மணியாகவும், 100-இல் 15 நிமிடமாகவும் சுருங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கின்படி, 91 டெசிபல் இரைச்சலில் காதடைப்பான் இன்றி 8 மணி நேர ஷிப்டு முடித்த தொழிலாளி, ஒரு நாளுக்குரிய பங்கைப் போல நான்கு மடங்கை ஏற்கெனவே செலவழித்திருக்கிறார். அவரே மாலையில் கோயில் திருவிழா மேடையில் கீபோர்டு வாசிக்கவோ தேவாலயப் பாடகர் குழுவில் பாடவோ சென்றால், அங்கே கேட்கும் ஒலி முழுவதும் அந்தச் செலவோடு சேர்கிறது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாகத் தன் மூன்றாம் அட்டவணையில் வைத்தது. ஆனால் ஆலைக்கான சட்டத்தின் காவல் ஆலையின் வாசலோடு முடிந்துவிடுகிறது. மேடையில் அந்தக் காவலை ஏற்க வேண்டியவர் ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்சரின் முன் அமர்ந்திருக்கும் ஒலியமைப்பாளரே.

தரை மானிட்டரும் காதுக்குள் மானிட்டரும்

மேடையில் நிற்பவர் தம் குரலையும் பிறர் வாசிப்பையும் கேட்பதற்காகத் தனியே தரப்படும் ஒலிக்கு மானிட்டர் என்று பெயர். இதற்குப் பயன்படும் தரை ஒலிபெருக்கி டிரம்ஸின் ஓசையை மிஞ்ச வேண்டியிருப்பதால், ஒருவர் ஒலியைக் கூட்ட, அவர் சத்தத்தில் தம் குரலை இழந்த அடுத்தவர் தம்முடையதைக் கூட்ட, சிறிது நேரத்தில் மேடை முழுவதும் 100 டெசிபலைக் கடந்துவிடுகிறது. காதுக்குள் பொருத்தும் மானிட்டர் இந்தப் போட்டியை வேரிலேயே அறுக்கிறது. வான் ஹேலன் என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞருக்காக ஜெர்ரி ஹார்வி வடிவமைத்ததிலிருந்து, 1995-இல் தொடங்கிய அல்டிமேட் இயர்ஸ் நிறுவனத்தின் வழியாக இக்கருவி பரவலான வணிகப் பொருளாயிற்று.

செவித்துளையை இறுக அடைத்துக்கொள்ளும் மானிட்டர் வெளிச் சத்தத்தை ஏறத்தாழ 20 டெசிபல் அல்லது அதற்கு மேலும் குறைப்பதால், உள்ளே மெல்லிய ஒலியே போதுமானதாகிறது. அதன் மருத்துவப் பயன் முழுவதும் இந்த அடைப்பில்தான் இருக்கிறது. காதின் அளவுக்குப் பொருந்தாத ரப்பர் முனையின் வழியே டிரம்ஸ் உள்ளே கசிந்தால், கலைஞர் ஒலியைக் கூட்டுவார். அப்போது செவிப்பறைக்கு மிக அருகில் ஒலிக்கும் அதே கருவி தரை மானிட்டரைவிடக் கொடியதாகிவிடும். ஆகவே ஒவ்வொருவரும் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு முனைகளையும் இரு காதுகளிலும் தனித்தனியே பொருத்திப் பார்த்து, அடிநாதம் எதில் நிறைவாகக் கேட்கிறதோ அதைத் தேர்வது நன்று. ஒருவருக்கே இரு காதுகளின் அளவும் வேறுபடக்கூடும்.

மிக்சரில் கலவையை அமைத்தல்

மைக்கிலிருந்து வரும் நலிந்த மின்சைகையை மிக்சர் ஏற்கும் அளவுக்கு உயர்த்தும் முதல் பெருக்கமான கெயினை எல்லாருக்கும் முதலில் சரிசெய்துவிட வேண்டும். நிகழ்ச்சியின் நடுவே அதைத் தொட்டால் எல்லாக் காதுகளிலும் ஒலி ஒருசேர மாறிவிடும். அதன்பின் ஒவ்வொருவருக்கும் ஆக்ஸ் எனப்படும் தனி வெளியீட்டில் கலவை அமைகிறது. அரங்கத்துக்கான ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை நகர்த்தினாலும் மேடைக் கலவை மாறாதிருக்க, அந்த வெளியீடு ஃபேடருக்கு முந்தைய நிலையிலிருந்து எடுக்கப்படுவது இன்றியமையாதது. பாடகரின் செவியில் அவர் குரல், அடுத்துச் சுருதி தரும் கீபோர்டு, அதன்பின் தாளம் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, தேவையற்றதைச் சேர்க்காமலே விட்டுவிடலாம். பாடும் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குக் கீழான உறுமலை வடிகட்டிவிட்டால் குரலின் தெளிவு கூடும்.

"என் குரல் கேட்கவில்லை" என்று கலைஞர் கை காட்டும்போது, குரலைக் கூட்டுவதைவிட அதை மறைக்கும் மற்றவற்றைக் குறைப்பதே செவிக்கு உகந்த விடை. கீபோர்டை இடப்பக்கமும் கிதாரைச் சற்று வலப்பக்கமும் ஒதுக்கினால் மூளை அவற்றைப் பிரித்தறிந்துகொள்வதால், குறைந்த ஒலியிலேயே எல்லாம் விளங்கும். இதற்கு ஒருவருக்கு இரண்டு வெளியீடுகள் தேவைப்படும்: பெஹ்ரிங்கர் எக்ஸ் 32 போன்ற மிக்சரின் 16 கலவை வெளியீடுகளில் எட்டுப் பேருக்கு ஸ்டீரியோ கிடைக்கும், 6 ஆக்ஸ் கொண்ட எக்ஸ்ஆர் 18-இல் மூவருக்கே கிடைக்கும்.

கைதவறி விழும் மைக், பிடுங்கப்படும் ஒயர், திடீரென வீறிடும் ஃபீட்பேக் ஆகியவற்றுக்கு எதிராக, குறித்த அளவுக்கு மேல் ஒலி எழாமல் தடுக்கும் லிமிட்டரை ஒவ்வொரு கலவையின் இறுதியிலும் வைத்தே ஆக வேண்டும். உரத்த ஒலி கேட்டதும் நடுச்செவியின் தசை சுருங்கித் தரும் இயற்கைக் காப்பு, இத்தகைய கணநேர வெடிப்புகளுக்கு மிகத் தாமதமாகவே வந்து சேரும். கலைஞரின் இடுப்பில் உள்ள, மானிட்டருக்கு ஒலி தரும் பெட்டியின் ஒலியளவுத் திருகு எங்கே நிற்கிறது என்பது மிக்சருக்குத் தெரியாது. ஆதலால் அந்தத் திருகை முதலில் ஒரே இடத்தில் நிறுத்தி அடையாளமிட்டு, அதன்பிறகே லிமிட்டரின் எல்லையைக் குறிக்க வேண்டும்.

ஓய்ந்த செவியும் களைத்த செவியும்

உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட காக்ளியாவில் அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றும் நுண்மயிர் உயிரணுக்கள் உள்ளன. மனிதரில் அவை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நெடுநேர இரைச்சலுக்குப் பின் அவை களைத்து, கேட்கும் திறன் சில மணி நேரம் மங்குகிறது. இரைச்சலின் பாதிப்பு முதலில் பதியும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண் வட்டம், பாடல் வரிகளின் வல்லின ஒலிகளையும் தாளக் கூர்மையையும் தாங்கும் பகுதியாகும். எனவே ஷிப்டிலிருந்து நேராக மேடைக்கு வருபவர் அந்த மாலையில் அமைக்கும் கலவையில் கூர்மையும் உரப்பும் தேவைக்கு மேல் ஏறியிருக்கும். களைத்த செவிக்கு இதமான அந்த அளவு அதே செவியை மேலும் களைக்கச் செய்கிறது.

இங்குதான் டிஜிட்டல் மிக்சரின் மிகப் பெரிய உடல்நலப் பயன் இருக்கிறது. வார விடுமுறையன்று காலை, ஓய்ந்த செவியோடு ஒத்திகையில் அமைத்த கலவையை நினைவகத்தில் பதித்து, நிகழ்ச்சி நாளில் அதையே திரும்ப எடுத்துவிட்டால், அன்றைய களைப்பு அளவைத் தீர்மானிக்க இடமிருக்காது. மேடையின் அமைப்புக்கேற்பச் சிறு திருத்தம் தேவைப்படலாம். ஆனால் மொத்த அளவை உயர்த்தும் கோரிக்கை இரண்டாவது மணி நேரத்தில் எழுந்தால், அது பெரும்பாலும் செவிக் களைப்பின் குரல் என்று ஒலியமைப்பாளர் அறிந்திருக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் கலைஞரே தம் கலவையை மாற்றும் வசதி இருக்கும் குழுக்களில் இந்தக் கவனம் இன்னும் அவசியம்.

ஒற்றைக் காதுப் பழக்கம்

இரசிகரின் ஆரவாரம் கேட்கவில்லை என்று ஒரு காதிலிருந்து மானிட்டரைக் கழற்றிவிடும் பழக்கம் பரவலாக உண்டு. இரு காதுகளாலும் கேட்கும்போது அதே ஒலி உரத்துத் தோன்றும். ஒன்றைக் கழற்றியதும் மற்றதில் கூட்ட நேர்கிறது, திறந்த காதோ மேடைச் சத்தத்துக்குக் காப்பின்றி நிற்கிறது. மேடையின் ஓரத்தில் கூட்டத்தை நோக்கி இரு மைக்குகளை நிறுத்தி, அவற்றைக் கலவையில் சிறிதளவு சேர்த்தால் ஆரவாரம் கேட்காத அந்தத் தனிமை நீங்கும்.

தூய்மையும் பரிசோதனையும்

பஞ்சுத் தூசியும் வியர்வையும் மிகுந்த இப்பகுதியில், ஒருவர் காதிலிட்ட முனையை மற்றவர் இடுவது செவித்துளைத் தொற்றுக்கு வழிவகுக்கும். முனைகளைக் கழற்றித் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும். காதில் சீழ் அல்லது வலி இருக்கும் நாட்களில் மானிட்டரை அணியலாகாது. ஆலையில் ஷிப்டு நேரத்தில் நுரைக் காதடைப்பான் அணிவது, மாலை மேடைக்கான மிக மலிவான முன்னேற்பாடாகும்.

நிகழ்ச்சிக்குப் பின் காதில் ரீங்காரம், அடைப்பு உணர்வு, கூட்டத்தில் பேச்சு விளங்காமை ஆகியவை மறுநாளும் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் அளவீடு செய்துகொள்ள வேண்டும். 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை இதற்கு அணுகலாம். அறிகுறி இல்லாத கலைஞரும் ஆண்டுக்கொரு முறை, இரைச்சலிலிருந்து ஒரு நாளாவது விலகியிருந்த பின், இந்த அளவீட்டைச் செய்து முந்தைய ஆண்டின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தமானது. ஒரு காது திடீரெனக் கேளாமல் போனால் அது அவசரநிலை: ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரங்களுக்குள், இயன்றால் முதல் சில நாட்களிலேயே தொடங்கப்பட்டால்தான் கேட்கும் திறன் மீள நல்ல வாய்ப்புண்டு என்பதால், அடுத்த விடுமுறை வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.