தயிர்ச் சட்டியும் கொழுப்பு ஈரலும்

"நமது வீட்டில் எவரும் மதுவைத் தொட்டதே இல்லை. பிறகு எப்படி ஈரல் வருத்தம்?" ஸ்கேன் அறிக்கையில் 'கொழுப்பு ஈரல்' என்று எழுதியிருப்பதைக் கண்டு இப்படித் திகைக்கும் தாய்மார் பலர். ஈரல் நோய் குடிகாரருக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. ஆனால் தொப்பை, நீரிழிவு, இரத்தக் கொழுப்பு ஆகியவற்றோடு கைகோத்து வரும் ஈரல் கொழுப்புக்கு மது தேவையில்லை. றாகமையில் 35 முதல் 64 வயது வரையானோரிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மதுவால் வராத இந்நோய் காணப்பட்டது.

இதற்கு 'புரோபயோட்டிக்' நல்லது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள பக்டீரியாக்களைத்தான் அப்படி அழைக்கிறார்கள். மாத்திரையாகவும் தூளாகவும் விற்கிறார்கள், விலையும் கொஞ்சமல்ல. வாங்கத்தான் வேண்டுமா?

குடலுக்கும் ஈரலுக்கும் என்ன உறவு என்று முதலில் பார்ப்போம். ஈரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு குடல் பக்கமிருந்தே வருகிறது. நாம் உண்ட உணவின் சத்து மட்டுமல்ல, குடலில் வாழும் கோடானுகோடி பக்டீரியாக்களின் கழிவும் அந்த வழியேதான் போகும். குடலின் உட்சுவர் நலமாயிருந்தால் தீயவை பெரும்பாலும் தடுக்கப்படும். சுவர் பலவீனப்பட்டால் பக்டீரியாக்களின் நச்சுப்பொருட்கள் கசிந்து ஈரலை அடையும். ஏற்கெனவே கொழுப்புப் படிந்த ஈரல் அதனால் அழற்சியடைந்து, காலப்போக்கில் தழும்பேறிச் சுருங்கவும் கூடும். நல்ல பக்டீரியாக்களை அனுப்பினால் இந்தக் கசிவை அடைக்கலாமே என்பதுதான் ஆய்வாளரின் எண்ணம்.

ஹொங்கொங்கில் இருபது நோயாளரை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கையூட்டியது. ஆறு மாதம் புரோபயோட்டிக் எடுத்த பத்துப் பேரின் ஈரல் கொழுப்பு, சராசரியாக 23 சதவீதமளவிலிருந்து 15 சதவீதமாக இறங்கியது. ஆனால் பத்துப் பேர் என்பது மிகச் சிறிய தொகை. இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் 104 பேரை ஒரு வருடமளவு கவனித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. அங்கே பக்டீரியாவோடு அதற்கு உணவாகும் நாரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். குடலின் பக்டீரியாக்கள் மாறின. ஈரலின் கொழுப்போ தழும்போ குறையவில்லை. மாத்திரைப் பெட்டியின் மேல் இந்த இரண்டாவது செய்தியை யார் அச்சிடப் போகிறார்கள்?

ஆகவே இதை ஈரல் மருந்தென்று நம்பிப் பணத்தைக் கொட்டுவது இன்றைய நிலையில் அவசரமென்றே சொல்வேன். நிறையைக் குறைப்பதன் பலனோ பல ஆய்வுகளில் உறுதியானது. 70 கிலோ நிறையுள்ள பெண் மூன்றரைக் கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். ஐந்து கிலோவுக்கு மேல் குறைத்தால் அழற்சியும் தணிய வாய்ப்புண்டு. 2024இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென முதன்முதலாக ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் ஈரலில் ஓரளவு தழும்பு விழுந்தவர்களுக்கே. உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

அப்படியானால் தயிரை ஒதுக்கிவிடுவதா? வேண்டாம். அது நல்ல உணவு. மாத்திரையில் இருக்கும் அதே பக்டீரியா வகைதான் சட்டித் தயிரிலும் இருக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். கறியில் ஊற்றிக் கொதிக்கவைத்தால் உள்ளதும் செத்துவிடும். சோற்றோடு அப்படியே பிசைந்து உண்பதே நல்லது. குடலிலுள்ள நல்ல பக்டீரியாவுக்குத் தீனி கீரையும் பயறும் கௌப்பியும் தவிடு நீக்காத சிவப்பரிசியும். எருமைத் தயிரில் கொழுப்பு அதிகமாதலால் அளவு சிறிதாக இருக்கட்டும். அதன்மேல் நாம் தாராளமாக ஊற்றும் கித்துள் பாணியோ சீனிதான். அந்தச் சீனியையும் ஈரல் கொழுப்பாக மாற்றும். கடையில் வாங்கும் இனிப்பு யோகட்டும் அப்படியே.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும், நோயெதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தோரும் புரோபயோட்டிக் மாத்திரைகளைத் தாமாக வாங்கி எடுக்கக் கூடாது. அரிதாக அந்தப் பக்டீரியாவே இரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கியதுண்டு. அவர்கள் வைத்தியரைக் கேட்டே எடுக்கட்டும்.