படிக்காத காமிக்ஸ், பார்க்காத படம்: எங்கிருந்து தொடங்குவது?

டீ இன்னும் சூடாக இருக்கிறது, நிதானமாகப் பேசலாம். சந்தா கட்டி வாங்கிய லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் பீரோவில் அட்டைப்பெட்டியோடு கிடக்கின்றன. ஓடிடியில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று குறித்து வைத்த படங்களின் பட்டியலும் நீண்டுகொண்டே போகிறது. இதையெல்லாம் எப்போது முடிப்பது என்று கேட்கிறீர்கள். எத்தனை பாக்கி என்று எண்ணுவதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கதைக்கும் பிறக்கும்போதே ஒரு வேகம் அமைந்துவிடுகிறது. அந்த வேகத்தில் படித்தால் குவியல் பாரமாகத் தெரியாது.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்வோம். 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இந்தக் கதையோடுதான். ஆனால் கதை பிறந்தது 1962-இல், பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில். வாரத்துக்குச் சில பக்கங்கள்தான். அடுத்த வாரமும் சிறுவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டுமே! அதனால் ஒவ்வொரு வாரமும் ஓர் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் படித்தால் ஆபத்து மேல் ஆபத்து வந்து அலுத்துவிடும். ராத்திரி தூங்கப்போகும்முன் சில பக்கங்கள் படித்து மூடிவைத்தால், அன்றைய சிறுவன் அனுபவித்த அதே பரபரப்பு உங்களுக்கும் கிடைக்கும்.

மாடஸ்டி பிளைசி அதைவிட நிதானம் கேட்பவள். 1984-இல் லயன் காமிக்ஸின் முதல் இதழில் வந்த நாயகி. 1963-இல் லண்டனின் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் தினம் ஒரு ஸ்ட்ரிப்பாகத் தொடங்கினாள். எழுதியவர் பீட்டர் ஓ’டானல், வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. சில கட்டங்களுக்குள் நேற்றைய கதையை நினைவுபடுத்தி, இன்றைய சம்பவத்தைச் சொல்லி, நாளைக்கு ஓர் ஆவலையும் விட்டுவைக்க வேண்டும். புத்தகத்தில் படிக்கும்போது எந்த இடத்தில் ஒரு நாள் முடிந்திருக்கும் என்று கவனித்துப் பாருங்கள். அந்த எழுத்தின் சிக்கனம் புரியும்.

டெக்ஸ் வில்லர் நேர் எதிர். 1948-இல் இத்தாலியில் பிறந்த கௌபாய் நாயகர். இன்று நாம் படிக்கும் டெக்ஸ் கதைகளில் பல, நூறு பக்கத்துக்கு மேல் ஓடும் கறுப்பு வெள்ளை மாத இதழ்களுக்காக எழுதப்பட்டவை. வசனம் குறைவு, துரத்தல் அதிகம். ஒரு ரயில் பயணத்திலோ ஞாயிறு மதியத்திலோ ஒரே அமர்வில் முடித்துவிடலாம். குவியல் குறைகிறது என்ற தெம்பு வேண்டுமானால் டெக்ஸிலிருந்து தொடங்குங்கள்.

பிரெஞ்சு ஆல்பங்களுக்கு வேறு பழக்கம் வேண்டும். நம் கேப்டன் டைகர், அதாவது லெப்டினன்ட் புளூபெர்ரி, 1963-இல் ‘பிலோட்’ இதழில் தொடங்கினார். ஷார்லியே எழுத, ஜான் ஜிரோ வரைந்தார். ஐம்பது பக்கத்துக்குள் முடியும் ஆல்பம்தான், ஆனால் ஒவ்வொரு பக்கமும் நின்று பார்க்க வேண்டிய ஓவியம். முதலில் கதைக்காக ஒருமுறை, பிறகு படத்துக்காக ஒருமுறை படியுங்கள். ‘மின்னும் மரணம்’ போலப் பல ஆல்பங்கள் சேர்ந்து ஒரே கதையாக ஓடுபவற்றை இடையில் விடாதீர்கள். விட்டால் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்பதே மறந்துபோகும்.

ஆகவே முதல் வேலை, அடுக்குவது. வாங்கிய தேதிப்படி வேண்டாம். தமிழில் கதைகள் பல சமயம் மூல வரிசை மாறி வந்திருக்கின்றன. நாயகன்வாரியாகப் பிரித்து, மூல வரிசையில் வையுங்கள். மாயாவியை அப்படிப் படித்தால்தான், தொடக்கத்தில் ஊரையே மிரட்டிய நாயகன் லூயிஸ் கிராண்டேல் பிறகு உளவுத்துறைக்கு உழைப்பவனாக மாறிய பாதை தெரியும்.

படங்களைத் தனிக் குவியலாக வைக்காமல் காமிக்ஸோடு கோத்துவிடுங்கள். ஆரம்பகால டைகரின் முகத்துக்கு மாதிரி, நடிகர் ஜான்-பால் பெல்மொண்டோ. டைகரைப் படிக்கும் வாரமே கோதாரின் ‘பிரெத்லெஸ்’ (1960) படத்தில் அவரைப் பாருங்கள். அதே ஜிரோ, மோபியஸ் என்ற பெயரில் ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ (1979) படத்துக்கு விண்வெளி உடைகளை வடிவமைத்தார். அடுத்த படம் அதுவாக இருக்கட்டும். நினைவிழந்து கரை ஒதுங்கியவனின் கதையான ‘இரத்தப் படலம்’ காமிக்ஸ் 1984-இல் தொடங்கியது. அதற்குத் தூண்டுதலான ராபர்ட் லட்லமின் நாவல் 1980-இல் வந்தது, அதுவே 2002-இல் ‘த போர்ன் ஐடென்டிட்டி’ ஆனது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே வித்திலிருந்து எத்தனை வேறுபட்ட மரங்கள் வளரலாம் என்று தெரியும். கௌபாய் கதைகள் பிடிக்குமென்றால் குரோசவாவின் ‘யோஜிம்போ’வையும் (1961), அதைத் தழுவி செர்ஜியோ லியோனி எடுத்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸை’யும் (1964) ஒரே வாரத்தில் பாருங்கள்.

அவசரம் காட்ட வேண்டிய இடங்கள் இரண்டு. உரிமம் முடிந்ததும் ஓடிடியிலிருந்து படங்கள் போய்விடும். எனவே அங்கிருப்பதை முதலில் பாருங்கள், டிவிடி காத்திருக்கும். பழைய சாணித்தாள் இதழ்கள் அப்படிக் காத்திருக்காது. மரக்கூழிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகிறது, தாளில் சேரும் அமிலம் அதை நொறுங்க வைக்கிறது, ஈரத்தில் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடிக்கிறது. வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் வைத்து, மிகப் பழையதை முதலில் படியுங்கள்.

எதையாவது இரண்டுமுறை முயன்றும் மனம் ஒட்டவில்லையா? தெரிந்த பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கதைகளெல்லாம் கைமாறிக் கைமாறித்தான் நம்மிடம் வந்தன. மீதமிருப்பதில் ஒரு நாயகனை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவரது முதல் கதையை இன்று ராத்திரியே தொடங்குங்கள். அது முடியும்வரை புதிதாக எதையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.