உப்பைக் கைவிடாத சிறுநீரகம்

தம்பி தங்கைகளே, பெரியவர் ஒருவரின் சிறுநீரகங்கள் ஒரே நாளில் எவ்வளவு நீரை வடிகட்டுகின்றன தெரியுமா? சுமார் 180 லிட்டர்! அதில் கரைந்திருக்கும் உப்பைத் தனியே பிரித்து நிறுத்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். அத்தனையும் சிறுநீரோடு போய்விட்டால் ஒரு நாள்கூட உயிர் தாங்காது. நல்லவேளை, நூற்றில் 99 பங்குக்கு மேல் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்னும் நுண்குழாய்கள் சுமார் 10 லட்சம் உள்ளன. உப்பில் பெரும்பகுதியை அவற்றின் தொடக்கப் பகுதிகளே மீட்டுவிடும். மிஞ்சும் கொஞ்சத்தை விடுவதா, வைத்துக்கொள்வதா? குழாயின் கடைசிப் பகுதியில் முடிவாகும் கேள்வி இது. முடிவைச் சொல்லும் ஹார்மோனின் பெயர் அல்டோஸ்டீரோன். சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இதைச் சுரக்கிறது. சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் ஆகிய இருவரும் சுவிட்சர்லாந்து வேதியியலாளர்களோடு சேர்ந்து 1953இல் இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள்.

அந்தக் கடைசிப் பகுதியில் உள்ள ஒரே ஒரு செல்லைப் பார்ப்போம். அதன் ஒரு பக்கம் சிறுநீர், மறுபக்கம் ரத்தம். ரத்தப் பக்கச் சவ்வில் பம்ப் ஒன்று ஓயாமல் இயங்குகிறது. ஒவ்வொரு முறையும் உப்பில் உள்ள சோடியத்தின் 3 அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். இதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. சிறுநீர்ப் பக்கத்தில் ஒரு வாசல் திறந்தால் போதும், பள்ளம் கண்ட தண்ணீர்போல சோடியம் உள்ளே பாயும். பம்ப் அதை ரத்தத்துக்கு அனுப்பிவிடும். பொட்டாசியம் வேறு வழியாகச் சிறுநீரில் கசியும்.

இந்தப் பம்பைக் கண்டுபிடித்த டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ, அதற்காக ஆராய்ந்தது நண்டுக் கால்களின் நரம்பை! கட்டுரை வெளிவந்தது 1957இல். நோபல் பரிசு கிடைத்தது 1997இல்.

சரி, ஹார்மோன் என்ன செய்கிறது? உடலில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடும். அதன் தொடர்விளைவாக அட்ரினல் சுரப்பி அல்டோஸ்டீரோனைச் சுரக்கும். அது செல்லின் சவ்வைத் தாண்டி நேரே உள்ளே போய், ஓர் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே சில மரபணுக்களை வேலைக்கு எழுப்புகிறது. அதன்பின் சோடியம் வாசல்கள் சிறுநீர்ப் பக்கத்தில் கூடுகின்றன. பழைய வாசல்களை உள்ளிழுத்து உடைக்கும் வேலையும் மெதுவாகிறது. நேரம் செல்லச்செல்லப் பம்புகளும் பெருகுகின்றன. புதுப் புரதம் உருவாக வேண்டுமே. அதனால் நொடியில் நடக்காது, ஒரு மணி நேரமாவது ஆகும். மூளையின் கட்டளைக்குக் காத்திராமலே இத்தனையும் நடக்க முடிவதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

அட்ரினல் பழுதானால் அடிசன் நோய் வரும். அல்டோஸ்டீரோன் இல்லாமல் உப்பு வீணாக வெளியேறும். ரத்த அழுத்தம் இறங்கும். உப்புக்காக நாக்கு ஏங்கும்.

மறுபுறம், அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்களைப் பாருங்கள். அவர்களின் பழைய உணவில் தனியே உப்புச் சேர்ப்பதில்லை. அவர்கள் உடலில் அல்டோஸ்டீரோன் மிக அதிகம். சிறுநீரில் சோடியம் இல்லையென்றே சொல்லலாம். வயது ஏறினாலும் அவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதில்லை.

நம் கதை நேர்மாறு, நாம் தேவைக்கு மேல் உப்பு உண்கிறோம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அடுத்த முறை சிப்ஸ் பாக்கெட் வாங்கும்போது பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று தேடுங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால், அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும். கணக்குப் போட்டு வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.